கரையை விட்டுத் தள்ளி

நீர்த்தேக்கம் என்றதும் தண்ணீர் ஓரத்தில் கூடாரம் அடிக்கவே மனம் விரும்பும். பரம்பிக்குளம் காட்டில் அந்த ஆசை ஆகாது. (கேரளத்திலுள்ள இவ்விடத்துக்குச் சாலை நம் பொள்ளாச்சி, டாப்சிலிப் வழியாகத்தான்!) அங்கே வானம் வெளுத்திருந்தாலும் நீர் ஏறக்கூடும்; சோலையாற்று நீரும் இத்தேக்கத்துக்கே வருகிறது. அணைக்குக் கீழுள்ள ஆற்றங்கரையோ இன்னும் நம்பத்தகாதது. 2022 செப்டம்பரில் மதகுக் கதவு ஒன்று, ஊர் உறங்கும் நேரத்தில் உடைந்து வெள்ளம் பாய்ந்தது. போதாக்குறைக்கு, அந்தி சாய்ந்தால் கரை யானைக்கும் காட்டெருமைக்கும் உரியது. விலகிப்போய்ப் பள்ளத்தில் அடித்தாலும் பயனில்லை: இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் இறங்கி அங்கேதான் தேங்கும். ஆனப்பாடியில் வனத்துறையே அமைத்துள்ள கூடாரங்களில் அனுமதி பெற்றுத் தங்கலாம். தண்ணீர் கண்ணில் படவில்லையே என்ற குறை, முதல் பிளிறல் கேட்கும்வரைதான்.