ஜோடியில்லாத நட்சத்திரம்

பங்குனி உத்திரத்தன்று தர்மபுரி ஜில்லா கம்பைநல்லூருக்குப் போயிருந்தோம். கடைத் தெருவில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்கள் காலை முதல் எதையெதையோ அலறிக் கொண்டிருந்தன. காதைப் பொத்திக் கொள்வதா, ஊரை விட்டே கிளம்பி விடுவதா என்று நாம் யோசித்துக் கொண்டிருக்கையில், திடீரென்று ஒரு குரல் எழுந்தது. 'திருவிளையாடல்' படத்தில் ஔவையார் முருகனைப் பார்த்துப் பாடும் பாட்டு. தேங்காய்க்குப் பேரம் பேசிக் கொண்டிருந்த ஒரு மூதாட்டி பேரத்தை நிறுத்தி விட்டார்.

"யாரு பாட்டி பாடறது?" என்று கேட்டான் பேரன்.

"கே. பி. சுந்தராம்பாள், கண்ணு. அந்த அம்மாவுக்கு மைக்கே வேண்டாம்" என்றார் மூதாட்டி.

சங்கீத வித்வான்களின் அபிப்பிராயமும் இதுவேதான். ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையில், கடைசியில் தரையில் உட்கார்ந்திருந்தவர் காதிலும் விழப் பாடிப் பழகிய குரல் அது.

காவேரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908-ஆம் வருஷம் பிறந்தார் ஸ்ரீமதி சுந்தராம்பாள். வறுமையில் வளர்ந்தவர். சிறு பெண்ணாக ரயிலில் பாடிக் காசு பெற்றதுண்டு என்பார்கள். பிறகு நாடகக் கம்பெனி, அப்புறம் இலங்கை. கொழும்பில் 1926-ல் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் சேர்ந்து நடித்தார். இருவர் குரலுக்கும் நடந்த போட்டியைப் பார்க்க ஜனங்கள் திரண்டார்கள். போட்டி காதலாகி, மறு வருஷம் விவாகத்தில் முடிந்தது. கிட்டப்பாவுக்கு முன்பே ஒரு மனைவி உண்டு. அந்தத் தாம்பத்தியத்தில் பாட்டு இருந்த அளவுக்கு நிம்மதி இருக்கவில்லை.

1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது இருபத்தேழு, சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. அன்று முதல் வெள்ளைப் புடவை. இனி எந்த நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்டார். மனைவியை இழந்த நடிகர் எவரும் இப்படியொரு விரதம் எடுத்துக் கொண்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஆகவே அதைப் புகழ்ந்து பேச நமக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. ஆனால் அந்த அம்மையார் மூலையில் உட்கார்ந்து விடவில்லை.

'நந்தனார்' படம் எடுக்க முதலாளி வந்தபோது, ஒரு லட்ச ரூபாய் கேட்டார். கேட்டால் ஓடிப் போய் விடுவார் என்று எண்ணியே கேட்டதாகச் சொல்வதுண்டு. முதலாளி ஓடவில்லை! 1935-ல் வெளிவந்த அந்தப் படத்தில் சுந்தராம்பாள் நந்தன். மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியர். சங்கீதத்தைப் பாராட்டிய விமர்சகர்கள் நடிப்பைப் பரிகாசம் செய்தார்கள். பரிகாசத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ஜோடி வேண்டாம் என்பவருக்கு ஆண் வேஷத்தை விட்டால் வேறு என்ன வேஷம் கிடைக்கும்? துறவி வேஷம் கிடைத்தது: 1940-ல் 'மணிமேகலை'. கிழவி வேஷமும் கிடைத்தது: 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்'. நாற்பத்தைந்து வயதில் போட்ட அந்தக் கிழவி வேஷம் பிறகு அவரை விடவேயில்லை. தமிழ் மக்கள் ஔவையார் என்றால் இன்றும் அந்த முகத்தைத்தான் நினைக்கிறார்கள்.

தேச சேவையிலும் அந்தக் குரலுக்குப் பங்குண்டு. தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். கூட்டத்தைச் சேர்க்க அவர் பாட்டு. சேர்ந்த கூட்டத்துக்கு சத்தியமூர்த்தியின் பேச்சு. கொடுமுடி வீட்டில் காந்தியடிகளுக்குத் தங்கத் தட்டில் உணவு படைத்ததாகவும், "சாப்பாடு மட்டும்தானா, தட்டு இல்லையா?" என்ற பொருளில் மகாத்மா கேட்க, உடனே அதையும் கொடுத்து விட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. தட்டு ஏலத்துக்குப் போயிற்றாம்.

1951-ல் சென்னை மேல்சபையில் அங்கத்தினரானார். காங்கிரஸ்காரராயிருந்தும், 1964-ல் ஸ்ரீ மு. கருணாநிதி வசனம் எழுதிய 'பூம்புகா'ரில் கவுந்தியடிகளாக வந்தார். அதுவும் துறவி வேஷமே. 'துணைவன்' படப் பாட்டுக்காக தேசிய விருதும், 1970-ல் பத்மஸ்ரீயும் கிடைத்தன.

1980-ல் காலமாகும் வரையில் அவர் வேறு நிறப் புடவை உடுத்தவில்லை.