பால்சுறாவும் பழந்தின்னி வௌவாலும்

லேவியர் நூலின் 11ஆம் அதிகாரம் வௌவாலைப் பறவைகளின் வரிசையில் சேர்க்கிறது. விஞ்ஞானம் அதனைப் பாலூட்டி என்கிறது. சுறாவோ மீன். ஒன்று வானில், மற்றையது கடலில். எனினும் இவ்விரண்டுக்கும் நாம் கவனிக்கவேண்டிய ஓர் ஒற்றுமை உண்டு.

எமது கரையோரத்தில் பிடிபடும் பால்சுறா பெரும்பாலும் ஒரு மீற்றருக்கு உட்பட்டது. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்குமென்று அதனை வறையாக்கிக் கொடுப்பது எம்மவர் வழக்கம். ஆனால் பால்சுறாவிடம் பால் இல்லை. அது முட்டையிடாமல் குட்டி ஈனுகிறது. ஏறக்குறைய ஓராண்டு கருவைச் சுமக்கிறது. தொப்புள்கொடி போன்றதொரு கொடியினால் குட்டிகள் உணவு பெறுகின்றன. ஓர் ஈற்றில் 1 முதல் 8 குட்டிகள். பிறந்ததும் அவை தாமாகவே வாழவேண்டும்.

பழந்தின்னி வௌவால் சிறகை விரித்தால் ஒரு மீற்றருக்கு மேல். ஏறக்குறைய ஐந்து மாதம் கருவைச் சுமந்து, ஆண்டுக்கு ஒரே குட்டி ஈனுகிறது. முதல் வாரங்களில் குட்டி நெஞ்சைப் பற்றியிருக்க, தாய் அதனையும் சுமந்தே இரை தேடிப் பறக்கிறது.

சூடை மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எலி ஆண்டில் பலமுறை குட்டி போடும். அவை குறைந்தாலும் விரைவில் பெருகிவிடும். பால்சுறாவும் வௌவாலும் அப்படியல்ல. அளவுமீறி அழித்தால் மீள்வதற்குப் பல்லாண்டுகள் செல்லும். இதுவே அந்த ஒற்றுமை.

காணி துப்புரவு செய்யும்போது வௌவால் தங்கும் பெருமரங்களைத் தறிப்பதும் புகைபோட்டு விரட்டுவதும் நடக்கின்றன. வௌவால் பழத்தைத் தின்கிறது, உண்மைதான். ஆனால் இலுப்பைப் பூவின் மகரந்தத்தைக் காவுவதும், இலுப்பை, ஆல், அத்தி விதைகளைத் தொலைதூரம் பரப்புவதும் அதுவே. கூலியின்றி மரம் நடும் தொழிலாளியை நாம் விரட்டலாமா? பலாப்பழத்தைச் சாக்கினாலும் மாதுளையைத் துணியினாலும் கட்டிக் காக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2018இல் கேரளத்தில் 17 பேரைப் பலிகொண்ட நிபா வைரஸைக் காவுபவை பழந்தின்னி வௌவால்களே. ஆகவே வௌவால் கடித்த பழத்தை உண்ணாதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். கள்ளு, கருப்பநீர் முட்டிகளை வௌவால் அண்டாதபடி மறைத்துக் கட்டுங்கள். செத்துக் கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள்.

கரையோரத்தில் தங்கி வலைத்தொழிலுக்குப் போகும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை: வலையில் உயிரோடு அகப்படும் சுறாக்குட்டிகளைக் கடலில் விட்டுவிடுங்கள்.

அழிப்பதற்கு ஒருநாள் போதும். மீண்டும் தழைக்கப் பல்லாண்டு வேண்டும். ஊரையும் காணியையும் விட்டு வந்த எம்மைவிட இதனை அறிந்தவர் யார்? படைத்தவர் எம்மிடம் ஒப்படைத்த உயிர்களை அந்த அறிவோடு பேணுவோம்.