37 சுற்றுக்கு ஒரு சுற்று

பஞ்சப்பள்ளிப் பக்கத்து மலைப்பாதையில் பழைய மகிந்திரா சிஜே-3பி ஜீப் ஒன்று லோ கியரில் ஏறுகிறது என்றால், எஞ்சின் 37 முறை சுழன்றால்தான் சக்கரம் ஒரு முறை சுழலும். முதல் கியர் சுமார் 2.8 மடங்கு, நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் 2.46 மடங்கு, ஆக்ஸில் 5.38 மடங்கு. மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். வேகம் குறையும் அதே அளவுக்கு முறுக்குவிசை, அதாவது தண்டைத் திருகும் பலம், கூடுகிறது.

அந்த ஜீப்பின் பெட்ரோல் எஞ்சினுக்கு முறுக்குவிசை ஏறத்தாழ 155 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 16 கிலோவைத் தொங்கவிட்ட அளவு, அவ்வளவுதான். உராய்வை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், ஆக்ஸிலுக்கு வரும்போது அது 580 கிலோவுக்கு மேல்!

இப்போது 2010-இல் வந்த தார் ஜீப்பின் 247 நியூட்டன் மீட்டர் டீசல் எஞ்சினை இதில் ஏற்றுவோம். பழைய கியர்களே இருந்தால் ஆக்ஸிலில் 930 கிலோ. பல்சக்கரங்களும் ஆக்ஸில் தண்டுகளும் இந்தச் சுமைக்காகச் செய்தவையே அல்ல. ஆசை எஞ்சின்மேல், அடி விழுவது பின்னால் இருப்பவற்றின்மேல்.

கியர்பாக்ஸையும் சேர்த்து மாற்ற இன்னொரு காரணமும் உண்டு. பழைய வகை டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சின் அளவுக்கு வேகமாகச் சுழலாது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில், டாப் கியரில், அந்தப் பழைய ஆக்ஸிலோடு மணிக்கு 73 கிலோமீட்டர்தான் தேறும். மலைக்குப் போதும், ஓசூர் நெடுஞ்சாலையில் லாரிகள் ஹாரன் அடிக்கும். எஞ்சினைவிட வேகமாகத் தண்டைச் சுழற்றும் ஐந்தாவது கியர், அதாவது ஓவர்டிரைவ், இருந்தால் கதை வேறு.

மகிந்திராவே இந்த மாற்று வேலையைச் செய்திருக்கிறது. பெஜோ நிறுவனத்தின் எக்ஸ்டிபி டீசல் எஞ்சினுக்கு 1979-இல் உரிமம் பெற்றது. பிறகு 1980களில் கியாவின் கேஎம்டி-90 நான்கு கியர் பெட்டி. அமெரிக்க வில்லிஸ் வழிவந்த உடலில் பிரெஞ்சு எஞ்சின், கொரிய கியர்: எம்எம்-540. வேடிக்கை, புதிய டீசலின் 62 குதிரைத்திறன் பழைய பெட்ரோலைவிடக் குறைவு. வாங்கியவர்கள் பார்த்தது டீசல் செலவை.

வேறு வேறு கம்பெனி எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்க இடையில் ஓர் அடாப்டர் தகடு வேண்டும். இரண்டின் மையக்கோடும் கால் மில்லிமீட்டர் விலகினாலே கிளட்சும் பேரிங்கும் தேயத் தொடங்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஆக்ஸிலுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டு, அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட். அதன் இரு முனையிலும் உள்ள கிராஸ் ஜாயிண்ட் ஒரு விசித்திரப் பிராணி: சாய்ந்து சுழலும்போது சீராகச் சுழலாது. 20 டிகிரி சாய்வில், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் சுமார் 6 சதவீதம் கூடிக் குறையும். முன்முனையின் இந்தத் தள்ளாட்டத்தைப் பின்முனை அப்படியே எதிர்த்து அழித்துவிடும், இரண்டு கோணமும் சமமாக இருந்தால் மட்டும். புதிய கியர்பாக்ஸ் நீளமானது என்றால் ஷாஃப்ட்டை வெட்டிக் குறைக்க வேண்டும். குட்டையான ஷாஃப்ட்டுக்குச் சாய்வு அதிகம். எஞ்சின் மவுண்ட்டைச் சற்று உயர்த்தி வைத்தாலும் கோணக் கணக்கு கெடும், வண்டியின் தரையில் அதிர்வு தொடங்கும்.

வேலை முடிந்தாலும் ஆர்டிஓ அலுவலகம் பாக்கி. தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எஞ்சினை மாற்ற முன் அனுமதி வேண்டும், பிளாக்கில் பொறித்த எண்ணும் ஆர்சி புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.