பின்னால் கேட்கும் சத்தம் ஒரு கழித்தல் கணக்கு, தெரியுமா?

பழைய ஸ்டீரியோ வீடியோ கேசட்டில் இருப்பது இரண்டே இரண்டு ஒலித்தடம். இடது ஒன்று, வலது ஒன்று. ஆனால் அதை டால்பியின் ப்ரோ லாஜிக் டீகோடர் உள்ள ஓர் ஆம்ப்ளிஃபயரில் கொடுத்துப் பாருங்கள். இடது, வலது, நடு, பின்பக்கம் என்று நான்காகப் பிரிந்து வரும்! மிச்சம் இரண்டும் அதுவரை எங்கே ஒளிந்திருந்தன தெரியுமா? அந்த இரண்டுக்குள்ளேயேதான்!

ஒளித்த விதம்தான் அழகு. கதாநாயகன் பேசும் வசனத்தை இரண்டு தடத்திலும் ஒரே மாதிரி பதிகிறார்கள். பின்னால் கேட்க வேண்டிய மழையையும் இடியையும் இரண்டிலும் சம அளவில்தான் கலக்கிறார்கள். ஆனால் ஒன்றுக்கொன்று தலைகீழாக. ஒரு தடத்தில் அலை ஏறும்போது மற்றதில் இறங்கும். வீட்டில் இருக்கும் டீகோடர் இடதிலிருந்து வலதைக் கழிக்கிறது. வசனம் இரண்டிலும் ஒன்றுதானே, கழித்தால் பூஜ்யம். மழை தலைகீழாக இருப்பதால், மைனஸும் மைனஸும் சேர்ந்து பிளஸ்ஸாகி, இரட்டிப்பாக வந்து விழுகிறது! 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ தொடக்கக் காட்சியில் ராட்சத விண்கலம் தலைக்கு மேல் போனதே, 35 மி.மீ. டால்பி ஸ்டீரியோ பிரதி ஓடிய தியேட்டர்களில் பின்சுவர் ஸ்பீக்கர்களை அதிரவைத்தது இந்தக் கணக்குதான்.

இதற்கு டீகோடரே தேவையில்லை என்றால் நம்புவீர்களா? டேவிட் ஹாஃப்லர் என்ற அமெரிக்க ஆடியோ நிபுணர் 1970 வாக்கிலேயே ஒரு குறுக்குவழி காட்டிவிட்டார். சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் இருந்தபடியே இருக்கட்டும். மூன்றாவதாக ஒரு ஸ்பீக்கரை எடுத்து, அதன் இரண்டு ஒயரையும் இடது, வலது இரண்டின் சிவப்பு முனைகளில் மாட்டுங்கள். கறுப்பைத் தொடவே வேண்டாம். அவ்வளவுதான்! இரண்டு சிவப்புக்கும் இடையே உள்ள வித்தியாசம் மட்டும் அந்த ஸ்பீக்கரில் ஒலிக்கும். பாடகர் குரல் ஏறக்குறைய காணாமல் போய், எதிரொலியும் கைதட்டலும் மட்டும் அறையின் பின்னால் மிதக்கும். முதல் தடவை கேட்பவருக்கு உடம்பு சிலிர்க்கும்.

அவசரப்பட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தூக்குவதற்கு முன் ஒரு வார்த்தை. பிரிட்ஜ் முறையில், அதாவது இரண்டு ஆம்ப்ளிஃபயர் சேர்ந்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டும் முறையில், இயங்கும் ஆம்ப்ளிஃபயரில் இதைச் செய்யவே கூடாது, ஐசி போய்விடும். சென்னை ரிச்சி தெரு அசெம்பிள் செட்காரர்களுக்குப் பழக்கமான 4440 ஐசியை ஸ்டீரியோவாகவும் ஓட்டலாம், பிரிட்ஜாகவும் ஓட்டலாம். உங்கள் போர்டு எந்த வகை என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

சரி, கழித்தல் எப்போதும் சுத்தமாக வருமா? வராது! கேசட் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்தால் போதும், இரண்டு தடமும் இம்மி பிசகி, வசனத்தில் வரும் ‘ஸ்’, ‘ஷ்’ ஒலிகள் பின்பக்கம் கசியும். அதற்காகத்தான் பழைய டீகோடர்கள் பின்பக்கத்தில் 7,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிட்டன. அதோடு பின்சத்தத்தைச் சுமார் 20 மில்லிசெகண்ட் தாமதமாக விட்டன. அந்த நேரத்தில் ஒலி கிட்டத்தட்ட 7 மீட்டர் போய்விடும். ஒரே சத்தம் இரண்டு பக்கமிருந்து வந்தால், முதலில் வந்த பக்கத்தையே நம் மூளை நம்பும். ஆகவே கசிந்த வசனமும் முன்னாலிருந்து வந்ததாகவே கணக்கு எழுதிக்கொள்ளும். இயந்திரத்தின் குறையை மூளையை ஏமாற்றிச் சரிக்கட்டினார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பெட்டியில் இருக்கும் ஆகச்சிறந்த தந்திரம் இதுதான்!

இன்னொன்று: முதல் ப்ரோ லாஜிக் செட்டுகளில் பின்னால் மாட்டிய இரண்டு ஸ்பீக்கரும் பாடியது ஒரே சத்தம். பின்பக்கமும் இடது வலதாகப் பிரிந்தது 2000-இல், ஜிம் ஃபாஸ்கேட் வடிவமைத்த ப்ரோ லாஜிக் 2 வந்த பிறகு.

அதற்கு முன்பே, 1999-இல், தியேட்டரில் இன்னொரு கூத்து நடந்தது. ‘தி ஃபேண்டம் மெனஸ்’ படத்துக்காக டால்பி டிஜிட்டல் சரவுண்ட் இஎக்ஸ் வந்தது. முதுகுக்கு நேர் பின்னால் புதிதாக ஒரு சேனல்! அதை எங்கே வைத்தார்கள்? இடது, வலது சரவுண்ட் சேனல்களுக்குள் ஒளித்துத்தான். இந்த முறை தலைகீழாக அல்ல, இரண்டிலும் ஒரே மாதிரி. அங்கே கழித்தல், இங்கே கூட்டல்!

வீட்டில் அந்தச் சேனலுக்கு நட்ட நடுவே ஒரே ஒரு ஸ்பீக்கர் வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? சில நேரம் சத்தம் முன்னாலிருந்து வருவதுபோல் தோன்றும்! நேர் முன், நேர் பின் இரண்டிலிருந்தும் ஒலி இரு காதுக்கும் ஒரே நேரத்தில் சேர்வதால் மூளை குழம்பிவிடும். அதனால் 7.1 செட்டில் பின்னால் இரண்டு வைக்கிறார்கள். நேர் முன்னாலிருந்து அளந்தால், பக்க ஸ்பீக்கர்கள் 90 முதல் 110 டிகிரிக்குள், பின் ஸ்பீக்கர்கள் 135 முதல் 150 டிகிரிக்குள்.

இன்று ராத்திரி பழைய ஸ்டீரியோ படம் ஏதாவது போடும்போது, ரிசீவரில் ப்ரோ லாஜிக் அல்லது டால்பி சரவுண்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். குறைந்த பிட்ரேட்டில் நசுக்கிய எம்பி3 கோப்பில் மட்டும் முயல வேண்டாம். கழிப்பதற்கு வேண்டிய நுணுக்கமெல்லாம் அதில் ஏற்கெனவே போயிருக்கும்.