மூச்சைப் பிடிக்க வேண்டாம், கவனித்தால் போதும்!

சித்ரா பௌர்ணமி அன்று ஐயங்கார்குளத்தில் கால் வைக்க இடம் இருக்காது. காஞ்சி வரதராஜப் பெருமாள் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளும் நாள் அது. நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் கல்மண்டபத்தைத் திருவிழாவுக்கு முன்பே தண்ணீரை இறைத்து வெளியே கொண்டுவந்துவிடுவார்கள். படியிறங்கிப் போய்ச் சேவித்துவிட்டு மேலே ஏறி வருகிறவர்களைச் சற்று ஒதுங்கி நின்று பாருங்கள். இளவட்டங்கள் பேசிக்கொண்டே ஏறிவிடுகிறார்கள். ஐம்பதைத் தாண்டியவர் பாதிப் படியில் நின்று, இடுப்பில் கையை ஊன்றி, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறார். தோள் இரண்டும் தூக்கித் தூக்கி இறங்குகின்றன. வயிறு மட்டும் அசையக் காணோம்.

ஏறி முடித்த களைப்பில் அப்படி மூச்சு வாங்குவது இயல்புதான். வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அதே தோள் மூச்சு தொடர்ந்தால், அதைக் கவனிக்க வேண்டும். காற்றின் மைந்தனான அனுமனை சஞ்சீவிராயராகக் கும்பிடும் ஊர் இது. இங்கிருந்தே மூச்சைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்தட்டுக்கு உதரவிதானம் என்று பெயர். மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்குகிறது. நுரையீரல் விரிய இடம் கிடைக்கிறது. வயிறு லேசாக முன்னே தள்ளுகிறது. கூன் போட்டு உட்கார்ந்தாலோ, வயிற்றை இறுக்கிக்கொண்டாலோ உதரவிதானம் முழுதாக இறங்க முடியாது. அந்த வேலையைக் கழுத்துத் தசைகளும் தோளும் ஏற்றுக்கொள்கின்றன. கழுத்து வலிக்கிறது என்று தைலம் தேய்க்கிறவர்களில் சிலருக்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு முறையும் உள்ளே போவது ஏறக்குறைய அரை லிட்டர் காற்று. அதில் 150 மில்லி, மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் நின்று அப்படியே திரும்பிவிடும், ரத்தத்தோடு சேராது. நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் மொத்தம் 6 லிட்டர் போகிறது, பயன்படுவது 4.2 லிட்டர். அதே 6 லிட்டரை ஆறே மூச்சில், ஒரு மூச்சுக்கு ஒரு லிட்டர் வீதம் இழுத்தால் பயன்படுவது 5.1 லிட்டர். நிதானமான, ஆழமான மூச்சு லாபம் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

தறிக்குழியில் மூச்சு

காஞ்சிபுரம் வட்டாரத்தில் இதைப் பட்டுத்தறியை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். நெசவாளர் குழித்தறியின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி மிதிக்கிறார். முதுகு முன்னோக்கி வளைகிறது, வயிறு மடிகிறது. பாவில் ஓர் இழை அறுந்தால் இன்னும் குனிந்து, மயிரிழையைத் தேடிப் பிடித்து முடிய வேண்டும். ஊசியில் நூல் கோக்கிற எவரையும் போல, அந்தக் கணத்தில் மூச்சு தன்னால் நின்றுவிடுகிறது. நாற்று நடும் பெண்களுக்கும், நாள் முழுக்கக் கணினி முன் குனிந்திருக்கும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

தறியில் உட்கார்ந்த அனுபவம் உள்ள ஒருவரே பின்னாளில் தமிழ்நாட்டுக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தார். 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷிதான் அவர். அவருடைய மனவளக்கலை மன்றங்களில் சொல்லித்தரும் எளியமுறை உடற்பயிற்சியில் கைப்பயிற்சி, கால்பயிற்சியை அடுத்து மூச்சுப்பயிற்சி வருகிறது. கடைசியில் உடல் தளர்த்தல். உடம்பை அசைத்து இளக்கிய பிறகே மூச்சு என்ற அந்த வரிசை, உழைக்கிற உடம்பை அறிந்தவர் போட்ட வரிசை.

காஞ்சி அறிந்த காவல்காரன்

மூச்சைக் கவனிக்கும் கலைக்கும் காஞ்சிக்கும் இன்னும் பழைய உறவு உண்டு. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்த அறிஞர் புத்தகோசர், தமது உரைநூல் ஒன்றின் முடிவில் காஞ்சிபுரத்தைக் குறிப்பிடுகிறார். அங்கே தம்மோடு தங்கியிருந்த ஜோதிபாலர் என்ற பிக்கு கேட்டுக்கொண்டதால் அந்த நூலை எழுதியதாகச் சொல்கிறார். இலங்கையில் அவர் எழுதிய ‘விசுத்திமக்கா’ என்ற பாலி நூல், மூச்சு தியானத்தை அக்குவேறு ஆணிவேறாக விளக்குகிறது.

ஊர் வாசலில் நிற்கும் காவல்காரனை அவர் எடுத்துக்காட்டுகிறார். ஊருக்குள்ளே யார் இருக்கிறார்கள், வெளியே யார் நடக்கிறார்கள் என்று அவன் தேடிப் போவதில்லை. வாசலுக்கு வருகிறவரை மட்டும் பார்க்கிறான். அதுபோலக் காற்று மூக்கு நுனியிலோ மேலுதட்டிலோ தொடுகிற இடத்தில் மட்டும் கவனத்தை வைக்கச் சொல்கிறார். எண்ணுவதற்கும் ஓர் அளவு வைக்கிறார்: ஐந்துக்குக் குறையக் கூடாது, பத்தைத் தாண்டக் கூடாது. குறைந்தால் மனம் நெருக்கப்படும். தாண்டினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த முறையில் மூச்சை நீட்டவோ அடக்கவோ சொல்லவில்லை. நீளமாக வந்தால் நீளம் என்றும், குட்டையாக வந்தால் குட்டை என்றும் அறிந்தால் போதும். சில நிமிடம் இப்படிப் பார்த்தாலே மூச்சு மெல்லத் தணியும்.

திருமூலரின் 16, 64, 32

திருமூலர் அளவு சொல்கிறாரே என்று கேட்கலாம். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் மூச்சை இழுக்கும் பூரகத்துக்கு 16 மாத்திரை, அடக்கும் கும்பகத்துக்கு 64, விடும் ரேசகத்துக்கு 32 என்று கணக்கு இருக்கிறது. ஒரு மாத்திரையை ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டாலும் ஒரே மூச்சுக்கு 112 விநாடி ஆகிறது. யோகத்தில் முதிர்ந்தவர் எட்டும் உச்சி அது. யூடியூபில் பார்த்துவிட்டு முதல் நாளே 64 எண்ண முயன்றால், முகம் சிவந்து, தலை கிறுகிறுத்து, ‘நமக்கு இதெல்லாம் ஒத்துவராது’ என்று எழுந்துவிடுவோம்.

இதற்கு நல்ல விடை சென்னையில் கிடைத்தது. 1888-ல் கர்நாடகத்தில் பிறந்து, 1950-களில் சென்னைக்குக் குடிவந்த யோக ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார், நூறு வயது வாழ்ந்து 1989-ல் மறைந்தவர். வருகிறவரின் நாடியைப் பார்த்து, வயதையும் உடல்நிலையையும் எடைபோட்டு, ஆளுக்குத் தக்க பயிற்சி கொடுத்தார். கையை உயர்த்தும்போது மூச்சு உள்ளே, தாழ்த்தும்போது வெளியே என்று ஒவ்வோர் அசைவையும் மூச்சோடு கட்டினார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் அந்த வழியில் இன்றும் நடக்கிறது. யோகத்துக்காக ஆளை வளைப்பது அவர்கள் வழக்கமில்லை. ஆளுக்கு ஏற்ப யோகத்தை மாற்றினார்கள்.

நாடியே சாட்சி

இதற்கெல்லாம் ஆதாரம் என்ன? உங்கள் மணிக்கட்டிலேயே இருக்கிறது. கட்டைவிரலுக்குக் கீழே மூன்று விரலை வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள். துடிப்பு சற்றே விரைவதை உணரலாம். நீளமாக விடுங்கள், துடிப்பு தளரும். இளம் வயதினருக்கு இது தெளிவாகவே தெரியும். மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. மனம் படபடக்கும்போது இழுப்பதைவிட விடுவதை நீட்டச் சொல்வது இதனால்தான்.

2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டி குழுவினரின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. ஆரோக்கியமான 23 பேரை ஜெபமாலை சொல்ல வைத்தார்கள். பௌத்த மந்திரம் ஒன்றையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் உடலின் அனிச்சைச் செயல் கூர்மையடைந்தது. பாட்டு என்பதே நீட்டி விடும் மூச்சுதானே? மார்கழி விடியலில் திருப்பாவை பாடும் பெண்கள், பயிற்சி என்ற பெயர் இல்லாமலே பயிற்சி செய்கிறார்கள்.

எப்படிச் செய்வது?

பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடித்துக்கொள்ளுங்கள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். முதல் இரண்டு நிமிடம் எந்தக் கை உயர்கிறது என்று பார்ப்பதோடு சரி. பிறகு மூக்கு வழியாக, வயிற்றுக் கை மெல்ல உயரும்படி மூன்று அல்லது நான்கு எண்ணும் வரை இழுத்து, ஐந்து அல்லது ஆறு எண்ணும் வரை விடுங்கள். இடையில் அடக்க வேண்டாம். ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினாலோ விரல் மரத்தாலோ அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள் என்று பொருள். எண்ணுவதை விட்டு இயல்பான மூச்சுக்குத் திரும்புங்கள். மூச்சைக் கவனித்தால் பயம் கூடுகிறது என்பவர்களும் உண்டு. அவர்கள் பாதம் தரையில் படுவதைக் கவனிக்கலாம். அதுவும் நல்ல பயிற்சியே.

கர்ப்பிணிகள், இதய நோயோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், குடலிறக்கம் இருப்பவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் கபாலபதி போன்ற வேகமான பயிற்சிகளைத் தாமாகச் செய்யக் கூடாது. விறகடுப்பின் முன் ஊதுகுழலோடு உட்கார்ந்து புகையைக் குடித்த நுரையீரலை மூச்சுப்பயிற்சி கழுவிவிடாது. அடுப்பை மாற்றுவதும், இருமலும் இளைப்பும் விடாமல் இருந்தால் மருத்துவரிடம் போவதும்தான் வழி. நிதானமான மூச்சு ரத்த அழுத்தத்தைச் சிறிதளவு குறைக்கலாம். மாத்திரைக்கு மாற்று ஆகாது.

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அவற்றைத் தவறாமல் போடுங்கள். மூச்சுக்கான அந்த ஐந்து நிமிடத்தையும் தவறவிடாதீர்கள். நெஞ்சு வலியோடு மூச்சுத் திணறல் வந்தால் எந்தப் பயிற்சியும் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.