ஒற்றைப் பல்சக்கரமும் 21 கியரும்

அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் ஆகட்டும், வடக்கிலிருந்து வந்த ஹீரோ, அட்லஸ் ஆகட்டும், அன்றைய கறுப்பு வண்டிகளுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே கணக்குதான். முன்னே 44 பல், பின்னே 18 பல் என்று வையுங்கள். பெடலை ஒரு சுற்று மிதித்தால் 28 அங்குலச் சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றும். வண்டி ஐந்தரை மீட்டர் போகும். சமதளத்திலும் அதே, மேட்டிலும் அதே. கேரியரில் அரிசி மூட்டை, முன் பாரில் பிள்ளை என்று ரயில்வே மேம்பாலம் ஏறினால் அந்த ஐந்தரை மீட்டர் தொடையில் தெரியும். எழுந்து நின்று மிதிப்பார்கள். முடியாவிட்டால் இறங்கித் தள்ளுவார்கள். அதை யாரும் குறையாக நினைத்ததில்லை.

பிரான்சிலும் இறங்கத்தான் செய்தார்கள். டூர் டி பிரான்ஸ் போட்டியில் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கியருக்கு 1937இல்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை மலையடிவாரத்தில் வீரர் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மறுபக்கம் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் செயினை மாட்டிக்கொண்டு ஏறுவார். போட்டியை நடத்திய ஆன்றி தெகிராஞ்சுக்கு, கியர் வயதானவர்களின் சமாச்சாரம்!

இன்று பிள்ளைகள் கேட்பது கியர் சைக்கிள். முன்னே மூன்று, பின்னே ஏழு, பெருக்கினால் 21. கடைக்காரர் சொல்லும் கணக்கு சரிதான், ஆனால் அவற்றில் பல ஒன்றுக்கொன்று அதிக வித்தியாசமில்லாதவை. மிகத் தாழ்ந்த கியரில் ஒரு மிதிக்கு இரண்டு மீட்டர் அளவே நகரும் என்பதால் ஊட்டி, ஏற்காடு மேடுகளில் அது பெரிய உதவி. தஞ்சாவூர்ச் சமவெளியில் என்ன மேடு இருக்கிறது? ஒரே கியரில் வருடம் முழுக்க ஓட்டுகிறார்கள், மற்றவை துருப்பிடிக்கின்றன. வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் பின்கியர் தொங்கும் கொக்கி வளைந்துவிடும். அதை நேராக்க எல்லா மரத்தடிக் கடையிலும் ஆள் கிடைப்பதில்லை. பழைய வண்டியில் செயின் தளர்ந்தால் ஒரு ஸ்பேனர் போதும், சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து முடுக்கிவிடலாம்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் சைக்கிளில் கியர் இல்லை. என்னைக் கேட்டால், பெரும்பாலான ஊர்களுக்கு அதுவே சரி. மேடான ஊர்க்காரர்களும் மலை ஊர்க்காரர்களும் தாராளமாகக் கியர் வாங்கலாம். ஒன்று மட்டும்: ஏற்றம் தொடங்குமுன்பே கியரை மாற்றிவிடுங்கள். பாதி மேட்டில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழன்றுவிடும். அப்புறம் நீங்களும் இறங்கித் தள்ளத்தான் வேண்டும்.