சுட்ட மண்ணில் விளையாத உண்மை

1861-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு நீண்ட கட்டுரை வெளியானது. காற்றில் கலந்திருக்கும் நைட்ரஜனைச் செடிகளால் எடுத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்கு, முடியாது என்று அது பதில் சொன்னது. எழுதியவர்கள் ஜான் பென்னட் லாஸ், ஜோசப் ஹென்றி கில்பர்ட், அமெரிக்க வேதியியலாளர் இவான் பியூ. முதல் இருவரும் லண்டனுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில், ஹார்பென்டன் ஊரின் ராத்தம்ஸ்டெட் பண்ணையில் 1843 முதல் பயிர் ஆய்வு நடத்திவந்தவர்கள். அவர்கள் சொன்னதற்குக் கால் நூற்றாண்டு மதிப்பு இருந்தது. கோதுமைக்கு அது சரி. அவரை, பட்டாணி, பயறு வகைகளுக்குத் தவறு. கவனக்குறைவால் நேர்ந்த தவறு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் காட்டிய மிதமிஞ்சிய கவனமே அவர்களை ஏமாற்றியது. அது எப்படி என்று பார்த்தால், பயறு வகைகளின் வேரில் தோன்றும் சிறு வீக்கமான வேர் முடிச்சு என்பது என்ன என்பதும் விளங்கிவிடும்.

1857, 1858 ஆண்டுகளில் நடந்த அந்தச் சோதனையில் குறை சொல்வது கடினம். மண்ணில் முன்பே இருக்கும் நைட்ரஜன் கணக்கைக் குழப்பக்கூடாது என்பதற்காக மண்ணைச் சுட்டெடுத்தார்கள். செடிகளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்தார்கள். காற்றில் துளி அம்மோனியா இருந்தாலும் கணக்குக் கெடும் என்பதால், உள்ளே போகும் காற்றைக் கந்தக அமிலத்தின் வழியே செலுத்திக் கழுவினார்கள். விதையில் இருந்த நைட்ரஜன் எவ்வளவு, வளர்ந்த செடியில் எவ்வளவு என்று அளந்து பார்த்தபோது, கோதுமையிலும் கூடவில்லை, அவரையிலும் கூடவில்லை. அளவு சரி, கணக்கும் சரி. ஆனால் நெருப்பு நைட்ரஜனை மட்டும் போக்கவில்லை. மண்ணில் இருந்த நுண்ணுயிர்களையும் கொன்றது. செடியைத் தனியே நிறுத்திக் கேட்டார்கள், தனியாக என்னால் முடியாது என்று அது உண்மையையே சொன்னது.

லாஸ் உர வியாபாரி ஆயிற்றே, காற்றில் இலவசமாகக் கிடைக்கும் சத்தை அவர் ஏன் ஒப்புக்கொள்வார் என்று சிலர் கேட்கலாம். அவர் லண்டன் டெப்ட்ஃபர்டில் ஆலை வைத்து 1843 முதல் சூப்பர் பாஸ்பேட் விற்றவர்தான். ஆனால் அந்த உரம் கொடுப்பது மணிச்சத்து (பாஸ்பரஸ்), தழைச்சத்து (நைட்ரஜன்) அல்ல. பயறு வகைகளுக்கு மணிச்சத்து தாராளமாக வேண்டும். ஆகவே அவரைச் செடி காற்றிலிருந்து தழைச்சத்து எடுக்கிறது என்று முடிவு வந்திருந்தால் அவருடைய வியாபாரத்துக்கு லாபமே தவிர நட்டமில்லை. மேலும், தங்கள் முடிவுக்கு எதிரான சாட்சியை அவர்கள் மறைக்கவும் இல்லை. குளோவர் தீவனப்பயிர் விளைந்த வயலில் அடுத்து விதைத்த தானியம் செழிப்பதை அவர்களே பதிவு செய்தார்கள். ஆழமாக இறங்கும் வேர் அடிமண்ணிலிருந்து சத்தை மேலே கொண்டுவருகிறது என்று அதற்கு விளக்கம் தேடினார்கள். வயல் ஒன்று சொல்ல, கண்ணாடிக் கூண்டு வேறொன்று சொன்னது. அவர்கள் கூண்டை நம்பினார்கள்.

விடைக்கான தடயம் வெகுகாலமாகக் கண்ணெதிரே இருந்தது. மார்செல்லோ மால்பிகி என்ற இத்தாலியரின் தாவர உடற்கூற்று நூலை ராயல் சொசைட்டியே 1675, 1679 ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டது. அதில் வேர் முடிச்சின் படம் உண்டு. பூச்சியால் வரும் வீக்கம்போலத்தான் அவருக்குப் பட்டது. 1887-இல் ஹாரி மார்ஷல் வார்ட், முடிச்சு தானாக உண்டாவதில்லை, மண்ணில் உள்ள ஓர் உயிர் வேர்த்தூவி வழியே நுழைவதால் உண்டாகிறது என்று அதே சங்கத்தின் இதழில் காட்டினார். இலங்கைக் காப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை 1880-களின் தொடக்கத்தில் அங்கேயே தங்கி ஆராய்ந்தவர் இவர். நுழைவது பூஞ்சை என்று அவர் நினைத்ததுதான் பிசகு. ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் அதற்கு முந்தைய ஆண்டே, 1886-இல், புதிரை அவிழ்த்திருந்தார்கள். நைட்ரஜன் இல்லாத மணலில் பட்டாணி வாடியது; வயல்மண்ணை ஊறவைத்த நீரைக் கொஞ்சம் ஊற்றியதும் முடிச்சு விட்டுத் தழைத்தது; அதே நீரைக் கொதிக்கவைத்து ஊற்றினால் பலனில்லை. 1888-இல் நெதர்லாந்தின் பைஜெரிங்க் முடிச்சுக்குள் இருந்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். லாஸும் கில்பர்ட்டும் வயதான காலத்தில் சோதனையை மறுபடி நடத்தி, புதிய முடிவே சரி என்று ராயல் சொசைட்டி இதழிலேயே எழுதினார்கள்.

இன்று நமக்குத் தெரிந்த விவரம் இது. தழைச்சத்து குறைந்த மண்ணில் வேர் ஃபிளேவனாய்டு என்ற பொருளைக் கசியவிடுகிறது. அதை உணரும் ரைசோபியம் பாக்டீரியா பதிலுக்கு ஒரு வேதிக் குறிப்பை அனுப்ப, வேர்த்தூவி வளைந்து பாக்டீரியாவைச் சுற்றிக்கொள்கிறது. உள்ளே மெல்லிய குழாய் ஒன்று உருவாகி, அதன் வழியே பாக்டீரியா வேரின் உட்பகுதிக்குப் போக, அங்குள்ள செல்கள் பெருகி முடிச்சாகின்றன. பாக்டீரியாவின் நைட்ரஜனேஸ் என்ற நொதி காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும்; செடி அதற்கு ஈடாகச் சர்க்கரை தரும். அந்த நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் முடிச்சுக்குள் ஆக்சிஜனை அளந்து விடுகிறது. வேலை செய்யும் முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது அதனால்தான்.

அப்படியானால் அவரையை நட்டுவிட்டால் போதுமா, உரமே வேண்டாமா என்றால், அதுவும் செடியைத் தனியாகப் பார்க்கும் பழைய பிழைதான். மண்ணில் தழைச்சத்து ஏற்கெனவே மிகுந்திருந்தால் செடி முடிச்சைக் குறைத்துக்கொள்ளும். சும்மா கிடைப்பதற்கு அது ஏன் சர்க்கரை செலவழிக்க வேண்டும்? லண்டனில் குத்தகைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் பீன்ஸ் காய்த்து ஓய்ந்ததும் கொடியை அறுத்து வேரை மண்ணிலேயே விடுவார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் சத்தில் பெரும்பங்கு காயிலும் தழையிலும் போய்விடுகிறது. தழையும் மண்ணுக்குத் திரும்பினால்தான் பலன் முழுமை. பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டைப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழும் நம் வழக்கத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது. உரிய பாக்டீரியா மண்ணில் இல்லாவிட்டாலும் முடிச்சு இல்லை. தமிழ்நாட்டில் உளுந்து விதையை ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் கலந்து பிசிறி நிழலில் உலர்த்துவது, அன்று நெருப்பில் தொலைந்த கூட்டாளியைத் திரும்பச் சேர்க்கும் வேலைதான்.

தோட்டம் வைத்திருப்பவர்கள், பூக்கும் சமயத்தில் ஒரே ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் யூரியா மூட்டையைத் தொட வேண்டாம். வெளிறிக் கிடந்தாலோ, முடிச்சே இல்லாவிட்டாலோ, செடியைக் குறை சொல்லாமல் முதலில் மண்ணைக் கவனியுங்கள்.